‘கள்ள’ என்னும் அடைமொழி

சாராயம் என்ற சொல்லுக்கு முன்னால் ‘கள்ள’ என்று சேர்க்கிறவன் யார் என்று ஒரு கணம் யோசித்துப் பார்க்கலாம். காய்ச்சுகிறவன் சேர்ப்பதில்லை, அவனுக்கு அது சரக்கு. குடிக்கிறவன் சேர்ப்பதில்லை, அவன் பெரும்பாலும் பெயரே சொல்லாமல் கிளாஸை நீட்டுகிறான். அடைமொழி சர்க்காருடையது. பத்திரிகைகள் அதைக் கடன் வாங்கி, கடன் என்பதையே மறந்துவிட்டன. ஓசூர்ப் பக்கத்தில் ஒரே தெருவில் மூன்று பாஷைகள் புழங்குகின்றன. கன்னடக்காரன் ‘கள்ளபட்டி’ என்கிறான். பட்டி என்றால் அடுப்பு, காய்ச்சும் உலை. அடுப்பையே கள்ளனாக்கிவிட்ட சொல். தமிழன் கள்ளச்சாராயம் என்கிறான். தெலுங்குக்காரன் மட்டும் ‘நாட்டு சாரா’ என்று, ஏதோ நாட்டுக்கோழியைச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போகிறான். மூன்று சொற்களும் குறிக்கிற திரவம் ஒன்று. அது எப்போது கள்ளத்தனமானது, யாருக்குக் கள்ளத்தனமானது, அதற்குள் விஷம் எந்த வழியாக வந்தது என்பது சட்டத்தின் சரித்திரத்தோடும் ரசாயனத்தின் சரித்திரத்தோடும் சேர்ந்த விஷயம். இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற பழக்கம் நமக்கு இல்லை. சாவு வந்தால் எண்ணிக்கை போடுகிறோம், பிறகு மறந்துவிடுகிறோம்.

2008 மே மாதத்தின் பிற்பாதியில் பெங்களூரின் புறத்திலும், ஆனேக்கல், கோலார் பக்கங்களிலும், எல்லைக்கு இப்பால் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஓசூர் வட்டாரத்திலும் ஆட்கள் சாகத் தொடங்கினார்கள். சில நாட்களுக்குள் இரு மாநிலங்களிலும் சேர்த்து 150 பேருக்கு மேல் போய்விட்டார்கள். மெத்தனால் கலந்த சாராயம். அதே வாரங்களில்தான் கர்நாடகத்தில் மே 10, 16, 22 என்று மூன்று கட்டமாகச் சட்டசபைத் தேர்தல் நடந்துகொண்டிருந்தது. செத்தவர்களில் பெரும்பாலோர் தினக்கூலிகள். மறுநாள் பேப்பர்களில் கணக்கு இரண்டு பத்திகளாக வந்தது: கர்நாடகத்தில் இத்தனை, தமிழ்நாட்டில் இத்தனை. குடித்தபோது ஒரே சரக்கு. செத்தபிறகு மாநிலவாரியாகப் பிரித்துக்கொண்டார்கள்.

ஓசூரிலிருந்து அத்திப்பள்ளிக்குப் போகிற பஸ்ஸில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் கடைப்பலகைகளின் எழுத்து மாறிவிடுகிறது. ஜூஜுவாடியைத் தாண்டினோம் என்பதற்கு வேறு அடையாளம் கிடையாது. மண் அதே செம்மண், வயலில் அதே கேழ்வரகு. அந்தக் கோடு நிலத்தில் இல்லை. 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகாலைக் கம்பெனிக்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். கிருஷ்ணகிரி அப்போது கைமாறியது. 1799-ல் திப்பு விழுந்தபிறகு ஓசூரும் வந்து சேர்ந்தது. பிறகு சேலம் ஜில்லாவின் ஒரு தாலுகாவாக ஓசூர் ஆயிற்று. 1956-ல் மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்தபோதும், வீட்டுக்குள் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற ஊர் சென்னை ராஜ்யத்திலேயே தங்கிவிட்டது. 1965-ல் தருமபுரி மாவட்டம், 2004-ல் கிருஷ்ணகிரி மாவட்டம். பெயர்ப்பலகைகள் மாறின, கோடு மட்டும் திப்புவின் தோல்வி போட்ட இடத்திலேயே ஏறக்குறைய நிற்கிறது.

அந்தத் திப்பு தன் ராஜ்யத்தில் மதுவை ஒழிக்க உத்தரவு போட்டவர் என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஓசூர் மண் பார்த்த முதல் மதுவிலக்கு சுல்தானுடையதாகவே இருக்கவேண்டும். கம்பெனியும் அதன்பின் மகாராணியின் சர்க்காரும் அந்த ஒழுக்கத்தைக் கைவிட்டுக் கணக்குப் புஸ்தகத்தைத் திறந்தார்கள். 1886-ல் மதராஸ் ஆப்காரிச் சட்டம் வந்தது. பாரசீகத்திலிருந்து வந்த ஆப்காரி என்ற சொல்லின் நேர்ப்பொருள் நீர்த்தொழில். பனைக்கும் தென்னைக்கும் மரவரி, சாராயத்துக்குக் குத்தகை, கடைக்கு ஏலம். ‘கள்ள’ என்ற அடைமொழி ஸ்திரமாக ஒட்டிக்கொண்டது இங்கேதான். வரி கட்டாத பானையிலிருந்து சொட்டியது கள்ளச்சரக்கு. அதில் விஷம் இருந்ததா என்பது கேள்வியே அல்ல. சர்க்காருக்குச் சேரவேண்டியது சேரவில்லை என்பதுதான் அந்தச் சொல்லின் முதல் அர்த்தம். ஒரு வருவாய்ச் சொல் நாளடைவில் ஒழுக்கச் சொல்லாகி, கடைசியில் மருத்துவச் சொல்லாகவும் பாவனை செய்கிறது. இந்த மூன்றுக்கும் இடையில் நடக்கிற வழுக்கலில்தான் ஆட்கள் சாகிறார்கள் என்பது என் கட்சி.

ஓசூருக்குச் சில மைல் தூரத்தில் தொரப்பள்ளி. அந்த ஊர் முன்சீப்பின் மகனாக 1878 டிசம்பர் 10-ல் பிறந்த பையன் ஓசூரில் பள்ளிக்கூடம் போய், பிறகு கோட்டைத் தாண்டி பெங்களூர் சென்ட்ரல் காலேஜில் படித்தான். எல்லை அவனுக்கு ஒரு பொருட்டாக இருந்திருக்காது. சேலத்தில் வக்கீலானான், நகரசபைத் தலைவரானான், 1925-ல் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் காந்தி ஆசிரமம் ஆரம்பித்தான். 1929-ல் மதுவிலக்குக்கென்றே ‘விமோசனம்’ என்று ஒரு பத்திரிகை. அதில் கல்கி உதவிக்கு இருந்தார். சிறுபத்திரிகைக்காரர்கள் கவனிக்க: பத்தே இதழ்கள்தான் வந்தன. 1937 ஜூலையில் சி. ராஜகோபாலாச்சாரி மதராஸ் மாகாணத்தின் பிரதமரானார். அக்டோபர் 1-ம் தேதி, காந்தி ஜயந்திக்கு முந்தின நாள், மாகாணத்திலேயே முதலாவதாகச் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்தது. தொரப்பள்ளியும் ஓசூரும் கிருஷ்ணகிரியும் அந்த ஜில்லாவுக்குள் அடங்கியவை. தன் சொந்த மண்ணில்தான் அவர் பரிசோதனையைத் தொடங்கினார்.

ராஜாஜியை மதுவிலக்குப் பைத்தியம் என்று கேலி செய்துவிட்டுப் போவது சுலபம். திராவிட இயக்கத்து மேடைகளும் இடதுசாரி மேடைகளும் அதைச் செய்திருக்கின்றன. அவருடைய வாதம் உபதேசத்தில் தொடங்கவில்லை. கூலிக்காரனின் வாரச் சம்பளம் எங்கே போகிறது, அவன் பெண்டாட்டி கையில் என்ன மிஞ்சுகிறது என்ற கணக்கில்தான் தொடங்கியது. இழந்த கலால் வருமானத்தை ஈடுகட்ட அவரே 1939-ல் விற்பனை வரியைக் கொண்டுவந்தார். இன்றைக்கு நாம் சோப்புக்கும் தீப்பெட்டிக்கும் கொடுக்கிற வரிக்கு மூதாதை அது. பணம் எங்கிருந்து வரும் என்று கேட்டவர்களுக்கு அவரிடம் பதில் இருந்தது. அவருக்குப் பின்னால் வந்தவர்கள் இரண்டு வருமானத்தையும் வைத்துக்கொண்டார்கள்.

ஆனால் அவர் கணக்கில் ஒரு ஆள் விடுபட்டிருந்தான். குடிக்கிறவன் அங்கே மீட்கப்படவேண்டியவன். அவன் என்ன சொல்வான் என்பதற்கு இடமில்லை. கோட்டுக்கு அப்பால் மைசூர் சமஸ்தானத்தில் கடை திறந்திருக்க, இப்பால் மூடியிருந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் அந்தச் சட்டத்திடம் போலீஸைத் தவிர வேறு பதில் இல்லை. மாகாணத்தின் விளிம்பில், அண்டை ராஜ்யத்துக்கு வாசல் திறந்திருக்கிற தாலுகாவில் ஒரு நியமத்தைப் போட்டால், அது நியமமாக இருப்பதோடு விலை வித்தியாசமாகவும் ஆகிவிடும். எல்லையோரத்தில் சட்டம் என்பதன் பொருளாதாரப் பெயர் விலை வித்தியாசம்.

அதற்குப் பிறகு நடந்தது ஒரு ஊஞ்சலாட்டம். போர்க்காலத்தில் ஆளுநர் ஆட்சி மதுவிலக்கை நிறுத்திவைத்தது. 1948 அக்டோபர் 2-ல் மாகாணம் முழுவதும் வந்தது. மைசூரும் சில ஜில்லாக்களில் பார்த்துவிட்டு 1960-களில் கைகழுவியது. 1971 ஆகஸ்டு 30-ல் கருணாநிதி சர்க்கார் மதுவிலக்கைத் தள்ளிவைத்தது. தொண்ணூற்றிரண்டு வயதில் ராஜாஜி, மழையில், முதலமைச்சர் வீட்டுக்கே போய் வேண்டாம் என்று கேட்டார் என்பது பலரும் சொல்லித் தேய்ந்த காட்சி. 1972 டிசம்பர் 25-ல் அவர் இறந்தார். 1974-ல் அதே சர்க்கார் கடைகளை மூடியது. 1981-ல் எம்.ஜி.ஆர். சர்க்கார் திறந்தது, 1983-ல் டாஸ்மாக் பிறந்தது, 1987-ல் கள்ளும் சாராயமும் மறுபடி மூடல், பிறகு மலிவு விலை மது, 1991-ல் அதுவும் போயிற்று. 2003-ல் சில்லறைக் கடையையே டாஸ்மாக் எடுத்துக்கொண்டது. இந்தத் தேதிகளை வரிசையாகப் படிக்கிறபோது மூச்சு வாங்குகிறது. ஒரு மனிதன் தன் நாக்கின் பழக்கத்தை இத்தனை தடவை மாற்றிக்கொள்ள முடியுமா?

1991-க்குப் பின் இந்தப் பக்கத்துக் கூலிக்காரனுக்குச் சட்டப்படி கிடைத்தது குவார்ட்டர் பாட்டில் மட்டும். கோட்டுக்கு அந்தப் பக்கம் பாக்கெட் சாராயம், பிளாஸ்டிக் உறையில், சர்க்கார் அனுமதியோடு, பாட்டிலைவிட எவ்வளவோ மலிவாகக் கிடைத்தது. 2007 ஜூலை 1-ல் கர்நாடகம் அந்தச் சாராயத்தைத் தடை செய்தது. பெண்கள் சங்கங்களும் கேட்ட தடைதான். அந்தக் கோரிக்கையில் பொய் இல்லை. ஆனால் மலிவுச் சரக்கின் இடம் காலியாயிற்று, தாகம் காலியாகவில்லை. பதினோரு மாதம்கூட முடியவில்லை, 2008 மே வந்துவிட்டது. இரண்டு ராஜ்யங்களும் ஒருவரையொருவர் கேட்காமல் வெவ்வேறு வருஷங்களில் மூடிய இரண்டு கதவுகளுக்கு நடுவில் அந்த 150 பேரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

தடை செய்தால் விஷம் வருகிறது, திறந்தால் வராது என்று இங்கே ஒரு சுலபமான முடிவுக்கு வந்துவிடக்கூடாது. 1981 ஜூலையில் பெங்களூரில் 300 பேருக்கு மேல் மெத்தனாலால் செத்தபோது அங்கே சாராயக் கடைகள் சட்டப்படி திறந்திருந்தன. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60 பேருக்கு மேல் செத்தபோது டாஸ்மாக் கடைகளுக்குக் குறைவில்லை. திறப்பதும் மூடுவதும் விலையை மாற்றுகின்றன. விஷம் வேறு வாசல் வழியாக வருகிறது.

அந்த வாசலைப் பார்க்க ரசாயனத்துக்குள் போகவேண்டும். ஊறல் போட்டுக் காய்ச்சுவது பழைய கைத்தொழில். வெல்லம், வேலம்பட்டை, அழுகிய பழம், பானை, குழாய். அதில் சொட்டுவது எத்தனால். கூடவே மெத்தனால் கொஞ்சம் வரலாம், கூட்டமாக ஆட்களைக் கொல்லும் அளவுக்கு வருவதில்லை. ஊறலில் பிழை நேர்ந்துதான் விஷமாயிற்று என்ற பேச்சு, தெரிந்தோ தெரியாமலோ, பழியைப் பானையின்மேல் போடுகிறது. கொல்கிற மெத்தனால் டிரம்மில் வருகிறது. அது தொழிற்சாலைப் பொருள்: பெயின்ட், தின்னர், வார்னிஷ், பிசின், பார்மால்டிஹைடு. முன்பு மரத்தைக் காற்றில்லாமல் சுட்டு எடுத்தார்கள். 1923-ல் ஜெர்மனியில் லாய்னாவில் வாயுக்களைச் சேர்த்துச் செயற்கையாகச் செய்ய ஆரம்பித்த பிறகு அது மலிவாகிவிட்டது. எத்தனாலின் நிறம்தான் அதற்கும். மணமும் எரிப்பும் ஏறக்குறைய அதே. தீக்குச்சி கிழித்துப் பார்க்கும் ஊர்ப் பரீட்சையில் இரண்டுமே தேறிவிடும். நாக்கால் பிரித்தறிய வழி கிடையாது.

இதில் சர்க்காருக்கும் ஒரு பங்கு உண்டு, பழைய பங்கு. 1855-ல் பிரிட்டனில் தொழிலுக்கான ஸ்பிரிட்டுக்கு வரி விலக்கு கொடுக்க நினைத்தார்கள். வரியில்லாத ஸ்பிரிட்டை ஜனங்கள் குடித்துவிட்டால்? அதில் மர நாப்தாவைக் கலந்துவிடு என்று சட்டம் போட்டார்கள். மெதிலேட்டட் ஸ்பிரிட் என்ற பெயர் அப்படி வந்தது. அதாவது கஜானாவைக் காப்பாற்ற, குடிக்கக்கூடிய ஒன்றைச் சட்டப்படி குடிக்க முடியாததாகச் செய்தார்கள். அமெரிக்கா மதுவிலக்குக் காலத்தில் இன்னும் ஒரு படி மேலே போனது. 1926 முடிவில் தொழிற்சாலை ஸ்பிரிட்டில் மெத்தனாலின் அளவைக் கூட்டினார்கள், திருடர்கள் பயப்படட்டும் என்று. நியூயார்க்கின் தலைமை மரண விசாரணை மருத்துவர் சார்லஸ் நாரிஸ், குடிப்பார்கள் என்று தெரிந்தே சர்க்கார் விஷம் வைக்கிறது என்று பகிரங்கமாகக் குற்றம் சாட்டினார். நம் சட்டப்புத்தகத்தில் 1959-ம் வருஷத்து விதிகள் உண்டு. அவற்றின் பெயரே இந்தக் கதையைச் சொல்கிறது: தமிழ்நாடு இயல்பு மாற்றப்பட்ட சாராயம், மெத்தில் ஆல்கஹால் மற்றும் வார்னிஷ் (பிரெஞ்சு பாலிஷ்) விதிகள். மர அலமாரிக்குப் பூசும் மெருகை மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் ஏன் கொண்டுவர வேண்டியிருந்தது? அதைக் குடிக்கிற ஜனங்கள் இருந்ததால். சில சமயம் விதிகளின் தலைப்பில் இருக்கிற யதார்த்தம் நம் நாவல்களில் இருப்பதில்லை.

ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை 1970-களில் வந்தது. கேழ்வரகுக் கொல்லைகள் ஷெட்டுகளாயின; லாரிகளும் மோட்டார் சைக்கிள்களும் கைக்கடிகாரங்களும் செய்கிற ஊர் ஆயிற்று. ரசாயன டிரம்கள் போகவர ஆரம்பித்தது நாடு முழுவதும் இந்த மாதிரி ஊர்களில்தான். 2008-ன் சரக்கு எந்த டிரம்மிலிருந்து வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. காய்ச்சுகிறவனின் இடத்தில் கலக்குகிறவன் வந்துவிட்டான் என்றுதான் சொல்கிறேன். காய்ச்சுகிறவனுக்கு அடுப்பும் இரண்டு நாள் காத்திருப்பும் வேண்டும்; புகை காட்டிக்கொடுக்கும். கலக்குகிறவனுக்கு ஒரு குடமும் தண்ணீரும் போதும். (விஷம் எல்லை தாண்டி வருவது ஓசூருக்குப் புதிதல்ல. பெங்களூரின் சாக்கடையை வாங்கிக்கொண்டு வருகிற தென்பெண்ணை, கெலவரப்பள்ளி அணையில் வெள்ளை நுரையாகப் பொங்குவதை மழைக்காலத்தில் யாரும் போய்ப் பார்க்கலாம்.)

உடம்புக்குள் நடப்பது நிதானமாக நடக்கிறது. மெத்தனால் தானே பெரிய விஷமல்ல. ஈரலில் எத்தனாலைச் செரிக்கிற அதே நொதி இதையும் எடுத்துக்கொண்டு பார்மால்டிஹைடாக்குகிறது. அது பார்மிக் அமிலமாகிறது. எறும்பின் கடியில் இருக்கிற அமிலம். அது உயிரணுக்களை மூச்சுவிடாமல் செய்கிறது. கண் நரம்பை முதலில் பிடிக்கிறது. இதற்குப் பன்னிரண்டு மணி நேரம், சில சமயம் ஒரு முழு நாள் ஆகும். அதுவரை போதையைத் தவிர ஒன்றும் தெரியாது. வீட்டுக்குப் போகிறான், தூங்குகிறான். காலையில் வயிற்று வலி, மேல்மூச்சு, கண்ணுக்கு முன்னால் பனி பெய்வதுபோல வெள்ளை. 10 மில்லி கண்ணைப் பறிக்கலாம்; 30 மில்லி உயிரைப் பறிக்கலாம். மருந்தாக இருப்பவற்றில் ஒன்று சுத்தமான எத்தனால். அந்த நொதி எத்தனாலைத்தான் முதலில் விரும்புகிறது. அது கிடைக்கிறவரை மெத்தனால் தொடப்படாமல் கிடந்து வெளியேறுகிறது. ஆகவே நல்ல சாராயம் கலந்து குடித்தவனுக்கு நோய் தாமதமாகவே தெரியும், அவன் தனக்கு ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பான். பொமிபிசோல் என்ற மருந்தும் உண்டு, விலை அதிகம். ரத்தச் சுத்திகரிப்பு உண்டு. எதற்கும் முதல் நிபந்தனை ஒன்றுதான்: நோயாளி, நான் குடித்தேன், இன்ன இடத்தில் குடித்தேன் என்று சொல்லவேண்டும்.

அவன் சொல்வதில்லை. ‘கள்ள’ என்ற அடைமொழி வேலை செய்வது இந்த இடத்தில். சொன்னால் அவன் நோயாளியாக மட்டும் இருக்கமாட்டான், சாட்சியாவான், ஒருவேளை குற்றவாளியாவான். போலீஸ் வரும், விற்றவன் பக்கத்துத் தெருக்காரன், உறவுக்காரனாகக்கூட இருப்பான். வயிற்றுப்போக்கு என்கிறான். மனைவியும் அதையே சொல்கிறாள். அவனுக்கு மேலே இருக்கிறவர்களும் அதையே சொல்ல விரும்புகிறார்கள். கருணாபுரத்தில் முதல் சாவுகள் விழுந்தபோது சாராயம் காரணமல்ல என்று நிர்வாகத்தின் தரப்பில் மறுப்பு வந்தது. அந்த இழவு வீடுகளுக்குப் போனவர்களிலேயே சிலர் அதே சரக்கைக் குடித்தார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. மெத்தனாலுக்கு வேண்டிய பன்னிரண்டு மணி நேரத்தை ரசாயனம் மட்டும் கொடுப்பதில்லை.

2023 மே மாதம் மரக்காணம் பக்கத்தில் எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இருபது பேருக்கு மேல் செத்தபோது, இது கள்ளச்சாராயமல்ல, தொழிற்சாலையிலிருந்து வந்த மெத்தனால் என்று காவல்துறையின் தலைமையே விளக்கம் கொடுத்தது. அந்த விளக்கத்தைப் பலர் பரிகாசம் செய்தார்கள். நோக்கம் எதுவாக இருந்தாலும் விளக்கம் சரியானது. நாற்பது வருஷம் முன்பே, பெங்களூரில் சொல்லியிருக்க வேண்டியது. விஷச்சாராயம் என்ற சொல் இப்போது பேப்பர்களில் அடிபடுகிறது. அதிலும் சாராயம் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. மில்லில் வாயுக் கசிந்து செத்தவனை யாரும் விஷக்காற்றுக் குடியன் என்று சொல்வதில்லை. அவன் விபத்தில் இறந்த தொழிலாளி. இவனும் ஒரு தொழிற்சாலை ரசாயனத்தால்தான் செத்தான். ஆனால் இவன் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று சர்க்கார் அறிவித்தவுடன், குடித்துச் செத்தவனுக்கு எதற்குப் பணம் என்ற குரல் டீக்கடையிலிருந்து கோர்ட்டுவரை கேட்டது. அந்தக் குரலில் 1886-ம் வருஷத்துக் குத்தகைதாரன் பேசுகிறானா, தொரப்பள்ளி முன்சீப்பின் மகன் பேசுகிறாரா என்று பிரித்துச் சொல்வது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. ராஜாஜி அப்படிக் கேட்டிருக்கமாட்டார் என்றே நினைக்கிறேன். விதவையின் கையில் என்ன மிஞ்சியது என்று கேட்டிருப்பார்.

கள்ளக்குறிச்சிக்குப் பிறகு, 2024 ஜூன் கடைசியில், சட்டசபை ஒரு திருத்தம் நிறைவேற்றியது. ஆயுள் தண்டனை, பத்து லட்சம் வரை அபராதம். திருத்தப்பட்ட சட்டத்தின் பெயர் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937. சேலம் ஜில்லாவுக்காகத் தொடங்கிய அதே சட்டம்தான். அதை இயற்றியவர் பிறந்த தொரப்பள்ளி வீட்டை சர்க்கார் நினைவில்லமாக வைத்திருக்கிறது; ஓசூரிலிருந்து டவுன் பஸ்ஸில் போய்ப் பார்க்கலாம்.